வராத படகின் சத்தம்

பதினான்கு பிள்ளைகளும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு றெஜினாவைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் யன்னலோர வாங்குப் பலகையில் இருந்தாள். பத்து வயது. இரண்டு பின்னலையும் மடித்துக் கட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல் வந்திருந்தாள். அவளுடைய அப்பா அருள்நேசன் கடலுக்குப் போய் இரண்டு இரவுகள் கழிந்துவிட்டன. ஓர் இரவில் திரும்பியிருக்க வேண்டியவர். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று அந்த முறை தனியாகத்தான் போயிருந்தார். தொலைபேசி எடுபடவில்லை.

ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருக்கும்படி வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். கைக்கடிகார முள் பாதிதான் சுற்றியிருந்தது. வெளியே வேலியோரம் ஒரு கழுதை காகிதம் தின்றுகொண்டிருந்தது. அதைத் தவிர என் காதில் எதுவும் விழவில்லை.

நாலு வருடம் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். கலியாண வீட்டில் நாதஸ்வரம் ஒரு நூல் விலகினாலும் இலையில் கை வைக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருப்பேன். அப்பேர்ப்பட்ட காதுக்குக் கழுதைதான் கேட்டது.

அந்த நிமிடத்தின் மீதியைச் சொல்வதற்கு முன்னால் அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் புளுகுகிறேன் என்று நினைப்பீர்கள்.

மடியில் ஆர்மோனியம்

முதல் நியமனம் மன்னாருக்கு என்று கடிதம் வந்தபோது நான் வீட்டில் ஆடிய ஆட்டத்தைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுத் தோட்டவெளியிலிருந்து ஒரு வாசகி, எங்கட ஊர் உங்களுக்கு அவ்வளவு கசந்ததோ என்று கேட்டிருக்கிறார். கசந்தது உண்மை. வந்து பார்க்கும்வரைதான். அதே தோட்டவெளியில்தான் ஒரு தாதியின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். அவ காலையில் பாண் வெட்டிச் சம்பலோடு சுற்றித் தராவிட்டால் நான் பட்டினியாகத்தான் வேலைக்குப் போயிருப்பேன்.

பள்ளிக்கூடம் கீரி என்ற ஊருக்கு அங்கால், கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. நாலும் ஐந்தும் ஒரே அறையில் இருந்தன. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பனங்கூடல், அதற்கப்பால் ஒரு மணல்மேடு.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நடத்துநர் அதைப் பின்னால் போடச் சொன்னார். உங்கட பிள்ளையெண்டா பின்னால போடுவீங்களோ என்று அவரோடு சண்டை பிடித்தேன். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததை உப்புக் காற்று ஆறு மாதத்தில் முடித்துவிட்டது. மூன்று கட்டைகள் ஊமையாகின. ஒன்று தொடாமலே முனகியது.

பிள்ளைகள் என்னிடம் சரளி வரிசை படித்தார்கள். படித்தார்கள் என்றால், பின்னேரம் வீட்டில் செபமாலை சொல்கிற அதே வேகத்தில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். சுருதி சேர்ந்தது, தாளம் சேர்ந்தது, ஒருவருக்கும் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. எனக்கும் இல்லை.

ஒருநாள் அந்த முனகுகிற கட்டை என்னைப் பைத்தியமாக்கியது. பெட்டியைப் பட்டென்று மூடினேன். எல்லாரும் வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டு ஒரு நிமிடம் காதை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும், பிறகு கேட்டதை வாயாலோ கையாலோ மேசையாலோ செய்து காட்டவேண்டும் என்றேன். பயிற்சிப் பட்டறைகளில் இதற்கு ஆக்கபூர்வ இசைக் கல்வி என்று பெரிய பெயர் உண்டு. நான் செய்தது கோபத்தில்.

தோடம்பழ இனிப்பு

நிமிடம் முடிந்ததும் கைகள் உயர்ந்தன. பள்ளிக்கூட அதிபரின் செருப்பு, இடது கால் மட்டும் இழுபடுவது. குழாயடியில் சொட்டு, மூன்று விழுந்து நாலாவது தங்கி விழுவது. கழுதை மெல்லுவது. ஒவ்வொன்றையும் செய்தும் காட்டினார்கள். குழாய்ச் சொட்டை ஒரு பிள்ளை நாக்கால் செய்தபோது எனக்குத் தாகமே எடுத்தது.

பிறகு டிலானி எழும்பினாள். வகுப்பிலேயே வாய்க்காரி. தன் அப்பாவின் படகு வருகிறது என்றாள். அதற்குப் பின்னால் தன் சித்தப்பாவின் படகும் வருவதாக இன்னொருத்தி சொன்னாள். இரண்டுக்கும் முந்தி வருவது அன்ரன் மாமாவின் படகு என்று றெஜினா திருத்தினாள். அன்ரன் அவளுடைய தாய்மாமன்.

எனக்குக் கேட்டது வெறும் காற்று. பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று மூவரையும் எழுப்பி நிற்க வைத்தேன். அவர்கள் அழவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி நின்றார்கள். அதில்தான் எனக்கு இன்னும் ஏறியது.

இடைவேளையில், பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்று, வெயிலில் மணல்மேட்டைத் தாண்டிப் போனேன். மூன்று படகுகள் கரையில் கிடந்தன. வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் எது முதல் வந்தது என்று கேட்டேன். அன்ரன், பிறகு டிலானியின் அப்பா, பிறகு மற்றது. பிள்ளைகள் சொன்ன அதே ஒழுங்கு.

எனக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கடையில் தோடம்பழ இனிப்பு வாங்கிப் போய் ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க எனக்குள் ஒரே கேள்வி. இந்தப் பிள்ளைகளுக்கா நான் காது பழக்க வந்தேன்?

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு காது இருந்தது. சின்ன வயதில், சண்டைக் காலத்தில், வானத்தில் வருவது ஹெலியா பொம்மரா என்று அம்மாவுக்கு முந்தி எனக்குத் தெரியும். வந்துகொண்டிருக்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்பதும் தெரியும். சோற்றுக் கோப்பையோடு பங்கருக்குள் ஓடுவதா, இருந்து சாப்பிட்டு முடிப்பதா என்று வீடு முழுக்க என் முகத்தைப் பார்க்கும். அந்தக் காதை யாரும் எனக்குப் பழக்கவில்லை. பிறகு ராகம் படித்தேன், பரீட்சை எழுதினேன், அந்தக் காது எங்கோ போய்விட்டது. போனதற்கு நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் அதே காதால் தங்கள் அப்பாமாரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

படகுகள் வருகிற பாட்டு

அடுத்த நாளிலிருந்து சரளி வரிசையைக் கால்வாசி நேரத்துக்குக் குறைத்தேன். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் ஒரு பாட்டுக் கட்டினார்கள். சொல் இல்லாத பாட்டு.

படகு உள்ள வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு எஞ்சினை வாயால் கொண்டுவந்தார்கள். எனக்கு எஞ்சின் என்றால் எஞ்சின். அவர்களுக்கு அப்படியில்லை. டிலானி வீட்டு எஞ்சின் எட்டுக்கு ஒருதரம் விக்கும். அவள் பிசகாமல் எட்டாவது எண்ணிக்கையில் விக்கினாள். எட்டு எண்ணினால் அதற்கு ஆதிதாளம் என்று பெயர் என்பதை அதற்குப் பிறகுதான் நான் சொல்லிக்கொடுத்தேன். றெஜினாவின் அப்பாவுடைய எஞ்சினில் மேல் மூடி தளர்ந்திருந்தது. அவள் உதட்டை மூடித் தொண்டையால் உறுமியபடி கொம்பாஸ் பெட்டியின் தகரத்தில் நகத்தால் தட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வகுப்புக்குள் ஒரு படகு வரும்.

மற்ற மூவரின் குடும்பங்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவை. படகு இல்லை, தகப்பன்மாருக்குக் கூலி வேலை. இவர்களுக்கு என்ன கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். ஒருத்திக்கு ஐஸ் உடைக்கிற சத்தம், ஒருவனுக்கு மீன்பெட்டி இழுபடுகிற சத்தம், ஒருத்திக்கு லொறி பின்னுக்கு வருகிற சத்தம். கரை இல்லாவிட்டால் படகு எங்கே வரும் என்று டிலானி என்னிடமே கேட்டாள்.

நான் படித்த படிப்புச் சும்மா இருக்குமா? தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்குப் படகுகளை அடுக்கினேன். கடைசியில் எல்லா எஞ்சினும் ஒன்றாய் முழங்கி ஒரே அடியில் நிற்கவேண்டும் என்றேன். கச்சேரி என்றால் அப்படித்தானே முடியும். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஏலாது ரீச்சர் என்றார்கள். படகுகள் வருகிற ஒழுங்கில்தான் வரும். எல்லா எஞ்சினும் ஒரேயடியாக நிற்காது. ஒவ்வொன்றாக மணலில் முட்டி நிற்கும், அதற்கு மேசையில் ஒரு தட்டு. கடைசிப் படகு முட்டினால்தான் பாட்டு முடியும்.

எனக்குக் கோபம் வந்தது. சரி, உங்கட இஷ்டம் என்று ஒருதரம் அவர்கள் சொன்னபடி விட்டேன். பதினொரு தட்டுகளும் விழுந்து அறை அடங்கியபோது என் கையெல்லாம் புல்லரித்திருந்தது. அதிபர் வாசலில் வந்து நின்று இது என்ன பாட்டு என்று கேட்டார். அதன் பிறகு சங்கீத பாட நேரத்தில் அவருக்கு எங்கள் யன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது.

சங்கீதப் பாட ஆலோசகர் ஒருவரும் வந்தார். ஸ்வரக் குறிப்பு எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் பழைய கலண்டர் தாள்களைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்தார்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு கோடு, விக்கல் வருகிற இடத்தில் ஒரு புள்ளி, மணலில் முட்டுகிற இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு டிலானியிடம் கேட்டு அந்த விக்கலைத் தானும் இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டு, அறிக்கையில் என்ன எழுதினார் என்று சொல்லாமலே போய்விட்டார்.

என் பிழை

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். அது தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக் காலம். முதல் நாள் முழுக்க அடித்த காற்று விடியற்காலையில் விழுந்திருந்தது. எஞ்சின் நின்ற படகைச் சோளகம் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடற்படை முகாமில் அறிவித்திருந்தார்கள். அன்ரன் இன்னும் இரண்டு பேரோடு விடியுமுன் தேடப் போயிருந்தார்.

றெஜினா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தா. வீட்டில் ஒரே அழுகை, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் ரீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

பாடத்தை வழமைபோல நடத்துவதுதான் நல்லது என்று முடிவெடுத்தேன். பாட்டைத் தொடங்குவோம் என்றேன். அப்போதுதான் றெஜினாவின் பகுதி நினைவுக்கு வந்தது. இந்தப் பிள்ளை இன்றைக்கு எப்படித் தன் அப்பாவின் படகைக் கொண்டுவரும்? உடனே எனக்கு ஒரு யோசனை. றெஜினா இன்று சும்மா இருந்து கேட்கட்டும், அவளுடைய படகையும் டிலானியே கொண்டுவரட்டும் என்றேன். கச்சேரியில் ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மற்றவர் பாடுவதில்லையா? பரிவோடுதான் சொன்னேன். பரிவு என்றுதான் நினைத்தேன்.

வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. எதற்கும் வாய் திறக்கிற டிலானி எழும்பி நின்று, நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"வராத படகை நான் எப்பிடி ரீச்சர் கரைக்குக் கொண்டுவாறது?"

றெஜினா என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தாள். இப்படி ஒரு விலக்கு ஊரில் உண்டா என்று பின்னர் பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கடலில் கிடக்கிற ஒரு மனிதரை வகுப்புக்குள் விளையாட்டாகக் கரையேற்றி, மேசையில் ஒரு தட்டும் தட்டி, பாட்டு முடிந்தது என்று சொல்லப் பார்த்தேன் நான். அந்த இடத்தில் நிலம் பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

பிழை ரீச்சரிலதான் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதுமை. பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன். கண்ணை மூடுங்கோ, ஒரு நிமிடம் கேளுங்கோ என்றேன்.

ஒரே சீராக

முள் முக்கால் சுற்றுப் போனபோது றெஜினாவின் தலை கொஞ்சம் சரிந்தது. கண் திறக்கவில்லை.

"மாமாட எஞ்சின்" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு பிள்ளைகள் தலையசைத்தார்கள்.

"பாரமா வருது. எதையோ கட்டி இழுத்துக்கொண்டு வருது."

எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆள் உள்ள படகையும் இழுத்து வரலாம், ஆள் இல்லாத படகையும் இழுத்து வரலாம். அதை நினைத்தது நான் மட்டுமல்ல. டிலானி கண்ணை மூடியபடியே றெஜினாவின் கையைத் தேடிப் பிடித்து, வெறும் படகோ என்று கேட்டாள். பிள்ளைகள் பெரியவர்களைப்போல் சுற்றி வளைப்பதில்லை.

றெஜினா இன்னும் காதைக் கொடுத்துக் கேட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். அவ்வளவு உன்னிப்பாக ஒரு முகம் கேட்பதை நான் எந்தச் சபையிலும் கண்டதில்லை. இன்று வரைக்கும் காணவில்லை.

"வெறும் படகெண்டா பின்னால அங்கையும் இங்கையும் அலையும். இழுக்கிற எஞ்சின் ஏறி ஏறி இறங்கும். இது ஒரே சீரா வருது" என்றாள். "பின்னால ஆரோ துடுப்புப் பிடிக்கினம்."

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே விடக்கூடாது என்பது சட்டம். வரிசையாக வாங்கோ என்று மட்டும் சொன்னேன். அதிபர் தன் கந்தோர் அறை வாசலில் நின்று நாங்கள் போவதைக் கண்டார். தடுக்கவில்லை. கொஞ்சத்தில் அவருடைய செருப்புச் சத்தமும் எங்களுக்குப் பின்னால் வந்தது.

மணலில் நடக்கும்போது ஒரு நினைப்பு என்னைக் குத்தியது. ஆரோ துடுப்புப் பிடிக்கிறார்கள் என்றுதானே பிள்ளை சொன்னது. அன்ரனோடு இன்னும் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். வெறும் படகைக் கண்டு, அவர்களில் ஒருவர் அதில் ஏறித் துடுப்புப் பிடிக்கலாம். இது றெஜினாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேட்டில் ஏறியபோது கடல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் இரண்டு புள்ளிகள். அப்போதுதான் எனக்கு எஞ்சின் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகள் வகுப்பறையில் கேட்டதை, கண்ணால் கண்ட பிறகுதான் என் காது கேட்டது.

புள்ளிகள் படகுகளாகின. நான் தலைகளை எண்ணினேன். முன் படகில் ஒன்று, இரண்டு. கண் கூசியது. துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினேன். அப்போதும் இரண்டுதான். பிறகு முன் படகில் குனிந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார். மூன்று.

பின் படகில் ஒருவர், நின்றபடி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். சேலையும் ரீச்சர் என்ற மரியாதையும் நினைவில் இல்லை. பின்னால் அதிபர் மாதாவே என்றார். நான் முருகா என்றேன். பனங்கூடலுக்குள்ளால் ஊரே ஓடி வந்துகொண்டிருந்தது. றெஜினா தலைகளை எண்ணவுமில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. காலில் போட்ட வெள்ளைச் சப்பாத்தோடு முழங்கால் அளவு தண்ணிக்குள் போய் நின்றாள்.

அருள்நேசன் இறங்கினார். உதடு வெடித்திருந்தது, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. மகளின் தலையில் கை வைத்தார். பிறகு நிமிர்ந்து, கரையில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நிற்பதைக் கண்டார். இரண்டு இரவு கடலில் கிடந்த அந்த மனிதர், கரகரத்த குரலில் முதலில் கேட்டது இதுதான்.

"ஏன், இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

பதில் சொல்வதற்கு நான் எழும்பினேன். அதற்குள் றெஜினா சொன்னாள்.

"இருக்கப்பா. இப்ப எங்களுக்குச் சங்கீத பாடம்."